கூலி ஏறியது, கையில் வருவது குறைந்தது

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் 120 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். யூனியன் கிடையாது. மணிக்கு 20.32 டாலராக இருந்த சம்பளம் 2025 செப்டம்பரில் 22.50 ஆனது. உடனே மேனேஜர் என் 5 நாள் வேலையை 4 நாளாக்கிவிட்டார். 8 மணி நேரத்தில் 11 அறை முடித்துக்கொண்டிருந்த என்னிடம் இப்போது 15 அறை கேட்கிறார். கேட்டால், "சம்பளம் ஏறிடுச்சே" என்கிறார். இந்த உயர்வு வராமலே இருந்திருக்கலாமோ? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதா?

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 40 மணி நேரத்துக்கு 812.80 டாலர் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். இப்போது 32 மணி நேரத்துக்கு 720. வாரத்துக்கு 92.80 டாலர் துண்டு விழுகிறது. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் புதிய சம்பளத்தில் 36 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேலை கிடைத்தாலே பழைய வருமானம் வந்துவிடும். உங்களுக்கு நஷ்டம் உயர்வால் வரவில்லை, முழுதாக ஒரு நாளைப் பிடுங்கியதால் வந்தது. 60 அல்லது அதற்கு மேல் அறைகள் உள்ள ஹோட்டல்களுக்கு நகர மன்றம் 2025 மே மாதம் நிறைவேற்றிய சட்டம், குறைந்தபட்சச் சம்பளம் படிப்படியாக ஏறி 2028 ஜூலையில் மணிக்கு 30 டாலர் என்று வகுத்தது. அது உங்கள் உரிமை. மேனேஜரின் பேச்சுக்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளாதீர்கள்.

விருந்தினர் குறைந்துவிட்டார்கள் என்று நாளைக் குறைப்பதை மட்டும் சட்டத்தால் தடுப்பது கடினம். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த 15 அறை வேறு விஷயம்.

2022-இல் வந்த ஹோட்டல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், உங்கள் ஹோட்டல் போன்றவற்றில் 8 மணி நேரத்துக்கு 3,500 சதுர அடி வரைதான் ஒருவரிடம் சுத்தம் செய்யச் சொல்லலாம் என்கிறது. மீறினால், கூடுதல் அறைகளுக்கு மட்டுமல்ல, அன்று வேலை செய்த எல்லா மணி நேரத்துக்கும் இரட்டைச் சம்பளம். அறை ஒன்று 300 சதுர அடி என்று வையுங்கள். 11 அறை 3,300, வரம்புக்குள் இருக்கிறது. 15 அறை 4,500! அந்த ஒரு நாளுக்கே உங்களுக்கு 360 டாலர் சேர வேண்டும். பல ஹவுஸ்கீப்பிங் பெண்கள் இது தெரியாமலே முதுகு ஒடிய வேலை செய்கிறார்கள் என்பதுதான் என்னை வாட்டுகிறது.

இன்னொன்று: டிப்ஸ் வருகிறதே என்று சம்பளத்தில் கழிக்க கலிபோர்னியாவில் அனுமதி இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். யூனியன் இல்லாவிட்டாலும், இரண்டு பேர் சேர்ந்து சம்பளம், வேலைச்சுமை பற்றிப் பேசுவதற்கு 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. கேட்டதற்காக ஷிஃப்டைக் குறைத்தால், அது பழிவாங்கல். அதற்கும் புகார் கொடுக்கலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், முடித்த அறை எண்கள், அன்று மேனேஜர் சொன்னது எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். அறைகளின் அளவு பெரும்பாலும் ஹோட்டலின் முன்பதிவுப் பக்கத்திலேயே இருக்கும். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு வாரம் எழுதியதும், உடன் வேலை செய்யும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நகரின் ஊதியத் தர அலுவலகத்துக்குப் போங்கள். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.