படம் போட்டால்தான் காசு வருமா?

அன்பின் ஐயா,
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்தாயிற்று, முறை வரவில்லை. தனியாரில் செய்யப் பல லட்சம் தேவை. முகநூலில் உதவி கேட்கப்போகிறோம். பிள்ளை கட்டிலில் கிடக்கிற படத்தைப் போட்டால்தான் காசு வரும் என்கிறார்கள் பொடியன்கள். தாய்க்கு மனமில்லை. என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், பொகவந்தலாவை)

அன்புள்ள தம்பி,
தாய்க்கு மனமில்லை என்றால் படம் வேண்டாம். நாளைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது, கூடப் படிக்கிறவன் அதைப் போனில் எடுத்துக் காட்டுவான். அந்தப் படத்தையே எடுத்து, வேறு கணக்கு இலக்கம் போட்டு வசூலிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுப்பவருக்கு நம்பிக்கை வர, ஆஸ்பத்திரி எழுதித் தந்த செலவு விவரமும் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதிய பக்கமும் போதும். பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இலவசம். ஆகவே நீங்கள் கேட்கிற லட்சங்கள் காத்திருக்க முடியாததற்குத்தான். காத்திருக்க முடியாது என்று சொன்னது யார்? டொக்டரா, பயமா? சின்ன ஓட்டைகள் சில தானாகவே மூடிக்கொள்ளும், சிலதுக்கு உடனே செய்ய வேண்டும். முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

காத்திருக்கலாம் என்றால் தேவை பஸ் காசு, தங்குகிற செலவு, தாய்க்கு விடுபடுகிற பேர், அதாவது வேலைக்குப் போகாத நாளின் சம்பளம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கிலேயே ஆறு நாள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் 8,100 ரூபாய் போய்விடும். கிளினிக்குக்குப் போகாமலே நின்றுவிடுகிற குடும்பங்கள் இந்தக் காசுக்குத்தான் நிற்கின்றன. ஆனால் இதை யாரும் கேட்பதில்லை. லட்சத்தில் கேட்டால்தான் உதவி என்று பழகிவிட்டோம். இதைக் கேளுங்கள், தோட்டத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும்.

அவசரம் என்றே டொக்டர் சொன்னால், காசு சேர்க்கிற அதே கிழமையில் வைத்தியச் செலவுக்கு உதவுகிற ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பியுங்கள். முன்பு கொழும்புக்கு ஓட வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற ஊழியர் சேமலாப நிதியில் (EPF) 30 வீதம் வரை மருத்துவத்துக்கு எடுக்கவும் நிபந்தனைகளோடு வழியுண்டு. ஆனால் அது வயதான காலத்துக் காசு, கடைசியாகத்தான் அதில் கைவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் கணக்கு. பதிவு போடுகிற பொடியனின் சொந்தக் கணக்கு இலக்கத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி. தாயின் கணக்கே இருக்கட்டும். வரவு செலவை மரண சகாய சங்கத்தில் எழுதுகிற மாதிரி ஒரு கொப்பியில் எழுதி, கோயில் கமிட்டியில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். தொகை சேர்ந்த அன்றே பதிவை எடுத்துவிடுங்கள். மிஞ்சினால் யாருக்கு என்பதைப் பதிவிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், பிறகு லயத்து வீடுகளுக்குள் சண்டை வராது.