ஆதாமின் கடன் யார் பேரில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருமங்கலம் வாசகர்): வீட்டு ஜெபக்கூட்டத்தில் ரோமர் 5-ஆம் அதிகாரம் படித்தோம். ஆதாமின் பாவம் பிறக்கும்போதே நம் கணக்கில் ஏறிவிட்டது என்றார் ஒருவர். ‘குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை’ என்ற எசேக்கியேல் 18:20-ஐக் காட்டி மறுத்தார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: பாவ சுபாவம் வேறு, பாவம் சாட்டப்படுவது வேறு. முன்னது பிறவி நோய் மாதிரி. பின்னது ஏட்டில் ஏறும் கடன். ‘துர்க்குணத்தில் உருவானேன்’ என்ற சங்கீதம் 51:5 நோயைத்தான் பேசுகிறது. அதை வைத்துக் கடனை நிரூபிக்கப் போனால் வாதம் பாதியில் நின்றுவிடும்.

கடனுக்கான சொல் ரோமர் 5:13-ல் இருக்கிறது: நியாயப்பிரமாணம் இல்லாதிருந்தால் பாவம் ‘எண்ணப்படமாட்டாது’. இந்தக் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. பிலேமோன் 18-ல், பிலேமோனின் அடிமையான ஒநேசிமு அவனுக்குக் கடன்பட்டிருந்தால் அதை ‘என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்கிறார் பவுல். மதுரைக் கீழமாசி வீதி மொத்தக் கடையில் ஒருவர் பற்றை இன்னொருவர் பேரில் எழுதச் சொல்வது போலத்தான். அப்படி எழுதியதும் பவுல் குற்றவாளி ஆகிவிடவில்லை, கொடுக்க வேண்டியவர் ஆகிறார்.

5:12-ல் தமிழ் வேதாகமம் ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்கிறது. பழைய லத்தீன் பாடத்தை ‘அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்’ என்றும் படிக்கலாம். ஆதித் திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீன் அப்படித்தான் படித்தார். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விவகாரம் முடியவில்லை. ஒருவன் கீழ்ப்படியாமையால் ‘அநேகர் பாவிகளாக்கப்பட்ட’ 5:19 இருக்கிறதே! கால்வின் வழிவந்த சீர்திருத்த சபையார் ஊன்றி நிற்பது அங்கேதான்: ஆதாம் நம் பிரதிநிதி, அவன் குற்றம் நேரே நம்மேல் எண்ணப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சோமூரில் கற்பித்த லா பிளாஸ் வரிசையை மாற்றினார்: முதலில் கெட்ட சுபாவம் வந்தது, அதன் வழியாகவே குற்றம். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையார் பொதுவாக மரணமும் சீர்கேடும் வந்ததாகச் சொல்வார்கள், குற்றம் வந்ததாக அல்ல. கத்தோலிக்க மறைக்கல்வியும் ஆதாமிடமிருந்து வரும் ஜென்மப் பாவத்தை நாம் செய்த பாவமாக அல்ல, பெற்றுக்கொண்ட நிலையாகவே விளக்குகிறது.

எசேக்கியேலைக் காட்டியவர் அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனத்திலிருந்து படிக்கட்டும். ‘பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின’ என்று முன்னோர்மேல் பழிபோட்டவர்களுக்கான பதில் அது. ஆதாமைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை. ஒருவர் கணக்கு மற்றவர் பேரில் ஏறுவதே அநியாயம் என்றால், ‘பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார்’ என்ற 2 கொரிந்தியர் 5:21-க்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

அவர் கையில் வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது. பவுல் தானாகவே தன் கணக்கில் எழுதச் சொன்னார். கிறிஸ்துவும் மனமுவந்து சுமந்தார். ஆதாமின் பற்றை நம் பேரில் எழுத நம்மை யார் கேட்டார்கள்? ‘பிரதிநிதியைத் தேவன் நியமித்தார்’ என்பதே சீர்திருத்த சபையாரின் பதில். அது எல்லாருக்கும் போதவில்லை, எனக்கும் முழுக்கப் போதவில்லை.

கேள்வி (மேலூர் வாசகர்): அப்படியானால் ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை?

பதில்: தண்டனை என்று அடித்துச் சொல்ல வசனமில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி அக்குழந்தைகளைத் தேவ இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. ஞானஸ்நானத்துக்கு விசுவாச அறிக்கை வேண்டும் என்கிற பெந்தெகொஸ்தே சபைகளில் இந்தக் கவலைக்கே இடம் குறைவு. துக்க வீட்டில் பலர் வாசிப்பது, குழந்தையை இழந்த தாவீது ‘நான் அதினிடத்துக்குப் போவேன்’ என்று சொல்லும் 2 சாமுவேல் 12:23. ரோமர் 5-ஐ அந்த வீட்டில் எடுக்க வேண்டாம்.