ஈப்புழு மருந்துக்குக் கட்டுப்படவில்லை: அளவைக் கூட்டலாமா?

கேள்வி: எங்கள் செம்மறி மந்தைக்கு 5 சதவீத டைசைக்ளானில் என்னும் ஈப்புழுத் தடுப்பு மருந்தைத் தெளித்து ஏழு வாரம்தான் ஆகிறது. லேபிளில் 18 முதல் 24 வாரம் வரை காக்கும் என்று போட்டிருக்கிறது. அதற்குள் நான்கு ஆடுகளின் பின்தொடையில் புழு வைத்துவிட்டது. இரு மடங்கு அடிக்கலாம், இல்லையென்றால் சைரோமசின் என்னும் வேறொரு தடுப்பு மருந்துக்கு மாறலாம் என்கிறார் கடைக்காரர். எது சரி, ஐயா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். அளவைக் கூட்டினால் கம்பளியிலும் இறைச்சியிலும் மருந்தின் எச்சம் கூடுவது உறுதி. தாங்கப் பழகிய புழு சாகும் என்பது உறுதியில்லை. சைரோமசினும் டைசைக்ளானிலும் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை; ஒன்றைத் தாங்கும் புழு மற்றதையும் ஓரளவு தாங்கும். டப்பாவுக்குள் இருப்பது எந்த வகை மருந்து என்று சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் மருந்து வாங்கலாம், ஆலோசனை வாங்கக் கூடாது.

மருந்து பட்ட இடத்தை மட்டுமே டைசைக்ளானில் காக்கும் என்பதால், தெளிப்பு பின்தொடை முழுவதும் விழுந்ததா என்பதை முதலில் பாருங்கள். விழுந்திருந்தும் புழு வைத்தது என்றால், நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்த நான்கு ஆடுகளில் இருந்த புழுக்கள் எங்கே போயின?

கத்தரித்த கம்பளியோடு தரையில் விழுந்திருந்தால், மருந்தில் பிழைத்த புழுக்களையே பொறுக்கியெடுத்து நீங்கள் விதைத்துவிட்டீர்கள். முதிர்ந்த புழு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, வெப்பமான நாட்களில் இரண்டு மூன்று வாரங்களில் ஈயாக எழும். ஒரு பெண் ஈ ஒரே தடவையில் 200-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. ஆகவே, கறுத்து ஈரமாக நாறும் கம்பளியையும், அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு நல்ல கம்பளியையும் தோலை ஒட்டிக் கத்தரித்து, ஒரு புழுகூடச் சிந்தாமல் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, புழுக்கள் அனைத்தும் சாகும்வரை வெயிலில் போடுங்கள். இந்த வேலையைச் செய்யாதவர் எந்த மருந்தை மாற்றியும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. முதிர்ந்த புழுக்கள் சிலவற்றை மட்டும் உயிரோடு எதிர்ப்புத்திறன் சோதனைக்கு அனுப்புங்கள். அவற்றை ஈயாக வளர்த்து, அடுத்த தலைமுறைப் புழுக்களின் மீதுதான் மருந்தைச் சோதிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் லூசிலியா குப்ரினா என்னும் இந்த ஈ, டைல்டிரின் என்னும் பூச்சிக்கொல்லியை 1950-களிலும் டயசினான் என்னும் பூச்சிக்கொல்லியை 1960-களிலும் வென்றது. 1979-இல் வந்த சைரோமசின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அதற்கும் இப்போது எதிர்ப்பு தோன்றிவிட்டது. அடுத்தடுத்து புது மருந்து வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

புழு வைத்த ஆடுகளின் புண்ணுக்கு ஸ்பினோசாட் அல்லது ஐவர்மெக்டின் போன்ற வேறு வகை மருந்தை, லேபிளில் அனுமதித்த முறையில் மட்டும் போடுங்கள். தடுப்புக்கு அடித்த வகையையே அதே பருவத்தில் சிகிச்சைக்கும் எடுக்காதீர்கள். கழிச்சலால் பின்தொடைக் கம்பளியில் சாணம் ஒட்டியிருந்தால் குடற்புழுவைக் கவனித்து, அந்தக் கம்பளியை ஈப் பருவத்துக்கு முன்பே கத்தரித்துவிடுங்கள். ஆண்டுதோறும் புழு வைக்கும் ஆட்டை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாமல் கழித்துவிடுங்கள்.