சிபாப் மாஸ்க்கை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காற்று கசிகிறதே, என்ன செய்வது?

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா, மூச்சுப் பாதை மூடாமல் இருக்கக் காற்றை அழுத்தி ஊதும் சிபாப் மெஷின் வாங்கியாயிற்று, மாஸ்க்கை எவ்வளவு இறுக்கினாலும் கண்ணில் காற்று அடிக்கிறது, காலையில் மூக்குத் தண்டு சிவந்து கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கு அந்த இறுக்கத்தால்தான்.

என்ன மாஸ்க் என்று சொல்லவில்லை. கண்ணில் காற்று, மூக்குத் தண்டில் சிவப்பு இரண்டும் சேர்ந்து வந்தால் அது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்காக இருக்கலாம். அதுவும், "மீடியம் எல்லாருக்கும் கரெக்டா இருக்கும் சார்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டிய மீடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை; பிரஷர் அளவை மாற்றச் சொல்லியும் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்கள் டாக்டர் வேலை. மாஸ்க்கை முகத்தில் உட்கார வைப்பது வீட்டில் செய்கிற வேலை.

மாஸ்க்கின் குஷனை விரலால் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான சிலிகான் குஷன்களில் விளிம்பு இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே கொஞ்சம் தடித்த அடுக்கு, அதன்மேல் மெல்லிய படலம். மெஷின் ஓடும்போது அந்தப் படலத்துக்குள் காற்று புகுந்து உப்பி, தோலோடு ஒட்டிக்கொள்கிறது. கசிவை அடைப்பது அந்த உப்பல்தான், ஸ்ட்ராப் இல்லை. ஸ்ட்ராப்பின் வேலை மாஸ்க் நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் படலம் உப்ப இடமில்லாமல் நசுங்கி மடிகிறது. மடிப்பு விழுந்த இடமே காற்றுக்கு வாய்க்கால். அதை அடைக்க இன்னும் இறுக்குவீர்கள், இன்னொரு இடத்தில் மடிப்பு விழும். கடைசியில் முழு பாரமும் சதையில்லாத மூக்குத் தண்டில் இறங்கிப் புண்ணாகும்.

அடுத்த தவறு, நாற்காலியில் உட்கார வைத்து, மெஷினை ஓட்டாமல், கண்ணாடியைப் பார்த்து மாஸ்க் போடுவது. கடையில் போட்டுக் காட்டுவதும் இப்படித்தான். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரியும், தாடை இறங்கும், முகத்தின் வடிவமே மாறிவிடும். போதாக்குறைக்கு ராம்ப் என்று ஒன்று இருக்கிறது. தூங்கத் தொடங்கும்போது பிரஷர் 4 (சென்டிமீட்டர் நீர் என்ற அலகில்) போலக் குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏறும். 4-ல் எந்த மாஸ்க்கும் கச்சிதமாகத்தான் உட்காரும். நள்ளிரவில் 12, 13 என்று ஏறும்போது திறந்துகொள்ளும். அதனால் அப்பாவின் ரிப்போர்ட்டில் 95 சதவீத பிரஷர் என்று ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். இரவில் 95 சதவீத நேரம் பிரஷர் அந்த எண்ணைத் தாண்டவில்லை என்று அர்த்தம். மாஸ்க் அந்த அளவைத் தாங்க வேண்டும். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 போன்ற மெஷின்களில் 'மை ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ரன் மாஸ்க் ஃபிட்' இருக்கிறது. அதை அழுத்தினால் பிரஷரை ஏற்றிச் சில நிமிடம் ஊதி, சரியாக உட்கார்ந்ததா என்று திரையில் முகம் காட்டும். அந்த வசதி இல்லாத மெஷினில் ராம்ப்பை மட்டும் அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

போடுகிற முறை இது. அப்பா முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, தினமும் படுக்கிற தலையணையிலேயே மல்லாந்து படுக்கட்டும். நான்கு ஸ்ட்ராப்பையும் நன்றாகத் தளர்த்துங்கள். வாய் இலேசாகத் திறந்திருக்க, குஷனின் மேல் முனை மூக்குத் தண்டிலும் கீழ் முனை கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்திலும் வருகிற மாதிரி கையால் பிடித்துக்கொண்டு மெஷினை ஓட விடுங்கள். காற்று வந்ததும் மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் இழுத்து, குஷன் உப்பியதும் மெதுவாகத் திரும்ப வையுங்கள். இந்த ஒரு இழுப்பிலேயே பலருக்கு லீக் நின்றுவிடும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், செய்து பாருங்கள். பிறகு மேல் ஸ்ட்ராப் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு, கசிவு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். அடுத்து கீழ் ஸ்ட்ராப் இரண்டும். ஒரு பக்கம் முழுக்க இழுத்துவிட்டு மறுபக்கம் போனால் மாஸ்க் கோணலாகிவிடும். முடித்ததும் ஸ்ட்ராப்புக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் சிரமமில்லாமல் போக வேண்டும்.

இப்போது இடப்பக்கம் திரும்பட்டும், வலப்பக்கம் திரும்பட்டும். கசிந்தால் உடனே ஸ்ட்ராப்புக்குக் கையைக் கொண்டு போகாதீர்கள். மறுபடி இழுத்து வைப்பதுதான் முதலில். சரியாக அமைந்ததும் வெல்க்ரோ முடிகிற இடத்தில் நான்கு ஸ்ட்ராப்பிலும் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். துவைத்துவிட்டு மாட்டும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். தினமும் கழற்றும்போது வெல்க்ரோவைத் தொடாமல் கீழ் கிளிப்பை மட்டும் எடுத்துத் தலைவழியாக உருவுங்கள்.

இதற்குப் பிறகும் கண் பக்கம் அடித்தால் சைஸைச் சந்தேகப்படுங்கள். பெரிய குஷனின் மேல் முனை மூக்குத் தண்டின் எலும்பைத் தாண்டிக் கண்ணோரப் பள்ளத்தில் போய் உட்காரும், அங்கே எதைக் கட்டினாலும் அடைபடாது. வாய் திறந்ததும் கீழுதட்டுக்குக் கீழே கசிந்தால் குஷன் சிறியது. 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்த தொடக்க காலத்தில் சைஸ் தொல்லையே கிடையாது. நோயாளியின் மூக்குக்கு வார்ப்பு எடுத்து மாஸ்க் செய்து, சிலிகான் பசை வைத்து ஒட்டினார்கள். இப்போது ஸ்மால், மீடியம், லார்ஜ் மூன்றுக்குள் ஊர்ப்பட்ட முகத்தையும் அடக்க வேண்டியிருக்கிறது. பல மாடல்களுக்குக் கம்பெனியே அளவு அட்டை தருகிறது, காகிதத்தில் பிரிண்ட் எடுத்து முகத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரிண்ட் எடுக்கும்போது நூறு சதவீத அளவில் எடுக்க வேண்டும். 'பக்கத்துக்குள் பொருத்து' என்று விட்டால் அட்டை சுருங்கி, சைஸ் தப்பாகக் காட்டும். ஒரு மாடலில் மீடியம் என்றால் இன்னொன்றிலும் மீடியம் என்று அர்த்தமில்லை. சில மாடல்கள் மூன்று குஷனும் சேர்த்து ஒரே பெட்டியில் வருகின்றன, கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஒன்றை லீக் என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். மாஸ்க்கின் முன்பக்கமோ முழங்கை மாதிரி வளைந்த துண்டிலோ சிறு சிறு துளைகள் இருக்கும். அப்பா வெளியே விடுகிற கார்பன் டை ஆக்சைடு அந்த வழியாகத்தான் போக வேண்டும். பிரஷர் 4-ல் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் அதன் வழியே வெளியேறும், பிரஷர் ஏற ஏற அதுவும் ஏறும். பக்கத்தில் படுப்பவர் மேல் காற்று அடிக்கிறது என்று அதில் பிளாஸ்திரி ஒட்டுவது ஆபத்து. அதேபோல, மருத்துவமனை வென்டிலேட்டருக்கான துளையில்லாத மாஸ்க்கும் பார்க்க இதே மாதிரி இருக்கும், அந்த வளைந்த துண்டு பெரும்பாலும் நீல நிறம். விலை குறைவு என்று ஆன்லைனில் அதை வாங்கி வீட்டு மெஷினில் மாட்டக் கூடாது.

முகத்தைப் பற்றிக் கொஞ்சம். அப்பாவுக்கு மீசை அடர்த்தியா? மீசையும் தாடியும் படலத்துக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கும். எடுக்கச் சொன்னால் கேட்கமாட்டார், தெரியும். அப்படியானால் மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் நேசல் பில்லோ வகையைக் கேட்டுப் பாருங்கள். பல்செட் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுத் தூங்குபவருக்குக் கழற்றிய நிலையில்தான் மாஸ்க் பார்க்க வேண்டும், கன்னம் உள்வாங்கிவிடும். படுக்கும்முன் முகத்தில் கிரீம், தேங்காய் எண்ணெய், வாஸ்லின் எதுவும் வேண்டாம். குஷன் வழுக்கும், சிலிகானும் சீக்கிரம் கெடும். மூக்குத் தண்டு புண்ணாகியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும், புண்ணின் மேல் ஒட்டுகிற ஹைட்ரோகொலாய்டு பட்டையை மெல்லியதாக வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். சருமம் பிய்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பு போட்டுக் கழுவி நிழலில் காய வைத்தால் போதும். டெட்டால், ஸ்பிரிட், வெயில் மூன்றும் ஆகாது. தலைப்பட்டையை வாரம் ஒருமுறை கையால் துவைக்கலாம். நம் ஊர் தலை எண்ணெய்க்கு அது சீக்கிரம் தொய்ந்துவிடும். தொய்ந்த பட்டையைத்தான் பலர் தினமும் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று இழுக்கிறார்கள். குஷன் மங்கி, விறைத்து, கழுவிய பிறகும் வழவழப்பாக இருந்தால் மாற்ற வேண்டிய நேரம். முழு மாஸ்க்கும் வாங்க வேண்டாம், குஷன் தனியாகக் கிடைக்கும்.

ட்யூப் கட்டிலுக்குக் கீழே தொங்கினால் அதன் கனமே மாஸ்க்கை ஒரு பக்கம் இழுக்கும். தலைமாட்டுக்கு மேலே ஒரு கொக்கி மாட்டி அதன்வழி விடுங்கள். ஏசி அறையில் ட்யூப்புக்குள் நீர் சேர்ந்து முகத்தில் தெறித்தால் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரின் அளவை ஒரு படி குறையுங்கள், அல்லது ட்யூப்புக்குத் துணி உறை போடுங்கள்.

அப்பாவுக்கு மூக்கு அடைப்பு இல்லையென்றால், ஃபுல் ஃபேஸ்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்குக்குத் தோலில் படும் பரப்பு குறைவு, கசிய இடமும் குறைவு. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் மூக்கு வகைகளுக்கே முன்னுரிமை தருகிறது. "நான் வருஷக்கணக்கா ஃபுல் ஃபேஸ்தான் போடறேன், ஒரு தொல்லையும் இல்லை" என்று கீழே கருத்து எழுத வரப்போகிறவர்களுக்கு: நல்லது, மாற்றாதீர்கள். வாயால் மூச்சு விடுபவர்களுக்கு அது தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. மாஸ்க் வகையை மாற்றினால் மெஷின் அமைப்பிலும் மாற்ற வேண்டும். பில்லோ, நேசல், ஃபுல் ஃபேஸ் என்று அதில் தேர்வு இருக்கும். மாற்றாவிட்டால் லீக் கணக்கு தப்பாக வரும்.

கணக்கு என்றதும், ரெஸ்மெட்டில் 95 சதவீத லீக் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன், துளை வழியே போகும் காற்றையும் சேர்த்து மொத்த லீக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். எஸ்டி கார்டை எடுத்து ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் இரவு முழுக்க வரைபடமாகத் தெரியும். கோடு திடீரென ஏறி அப்படியே நின்றால் பெரும்பாலும் புரளும்போது மாஸ்க் நகர்ந்திருக்கிறது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால், மூக்கு மாஸ்க் போடுபவர் வாயைத் திறக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆதங்கம். குறட்டை என்றால் நம் சினிமாவிலும் கல்யாண வீட்டிலும் இன்றைக்கும் சிரிப்புத்தான். கூடத்தில் படுத்தவர் மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்து, போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போடுகிற ஊர் இது. அந்த வெட்கத்தில்தான் பலர் டாக்டரிடமே போவதில்லை. போனாலும், இத்தனை ஆயிரம் வாங்கிக்கொண்டு மாஸ்க்கைப் படுக்க வைத்துப் போட்டுக் காட்டப் பத்து நிமிடம் ஒதுக்குகிற கடை அபூர்வம். பிரித்த மாஸ்க்கைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்கமாட்டார்கள். அந்தக் காரணம் நியாயம்தான், ஆனால் பிரிக்காமல் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? அடுத்த மாஸ்க் வாங்கும்போது "சைஸ் பொருந்தாவிட்டால் குஷன் மாற்றித் தரப்படும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்படி வாங்கப் போகும் முன் ஒன்று. ரெஸ்மெட்டின் ஏர்ஃபிட் எஃப்20 போன்ற பல மாஸ்க் மாடல்களில் கீழ் கிளிப் காந்தம். அப்பாவுக்கோ பக்கத்தில் படுக்கும் அம்மாவுக்கோ பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி எதாவது இருந்தால் கடையில் முதலில் அதைச் சொல்லுங்கள். காந்தம் அவற்றிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று ரெஸ்மெட் 2023-ல் எச்சரிக்கை வெளியிட்டது. காந்தமில்லாத கிளிப் உள்ள மாஸ்க்குகளும் கிடைக்கின்றன. ஏற்கெனவே வீட்டில் இருப்பது காந்த மாடல் என்றால் டாக்டரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.