டாங்கிள் மென்பொருள் போட்டதும் கணினி ரீஸ்டார்ட் ஆகிறதா? ஃபார்மட் பேச்சை எடுக்காதீர்கள்

கேள்வி: இணைய இணைப்புக்காக யூஎஸ்பி டாங்கிள் வாங்கி, அதோடு வந்த மென்பொருளைப் போட்டேன். அன்றிலிருந்து கணினி ஆன் ஆன இரண்டு நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் 10. பழுதுபார்ப்பவர், ‘மதர்போர்டு போயிருக்கும், முதலில் ஃபார்மட் அடித்துப் பார்ப்போம்’ என்கிறார். உள்ளே முக்கியமான கோப்புகள் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: மதர்போர்டு போயிருந்தால் ஃபார்மட் எதற்கு? ஃபார்மட் அடித்தால் சரியாகும் என்றால் மதர்போர்டு எப்படிப் போயிருக்கும்? இதை அவரிடமே கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான்; அதாவது, ஒரு கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள். சாதாரண மென்பொருள் கோளாறானால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டாங்கிள், விபிஎன் போன்றவை அப்படியல்ல. டிரைவர் ஒன்றை விண்டோஸின் அடிவயிற்றில் கொண்டுபோய் வைக்கின்றன. அங்கே ஒரு பிசகு நடந்தாலும் விண்டோஸ் மொத்தத்தையும் நிறுத்தி நீலத்திரை காட்டும். காட்டிய கையோடு தானாகவே ரீஸ்டார்ட்டும் ஆகிவிடும். படிப்பதற்குள் திரை மறைந்துவிடுவதால் நமக்குக் காரணம் தெரிவதில்லை. இதை யார் இப்படி அமைத்தார்களோ!

டாங்கிளைக் கழற்றுங்கள். கணினி லாகின் திரைக்கு வந்ததும், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி பவர் பொத்தானில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். நீலநிறப் பட்டியல் வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ஒரு ரீஸ்டார்ட். நான்கு கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 7 வரை இதற்கு எஃப்8 விசையைத் தட்டினாலே போதுமாக இருந்தது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் வழியில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம்; பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

கடைசியில் எண் போட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோட்; அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும். அதில் வெளியார் டிரைவர்கள் பெரும்பாலும் ஏறா. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் தாண்டியும் கணினி ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவர்தான். வேறு எதையும் தொடுமுன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

அப்புறம் கண்ட்ரோல் பேனலில் அந்த மென்பொருளை நீக்குங்கள். சேஃப் மோடில் சில மென்பொருள்கள் நீங்க மறுக்கும். அப்போது கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘ஹிட்டன் டிவைஸ்’களையும் (மறைந்திருக்கும் கருவிகள்) காட்டச் சொல்லி, டாங்கிளின் பெயரில் இருப்பதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ‘டிரைவர் மென்பொருளையும் நீக்கு’ என்ற பெட்டி வந்தால் அதில் டிக் போட மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த தடவை டாங்கிளைச் செருகியதும் அதே டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எந்த டிரைவர் என்று உறுதியாகத் தெரியவில்லையென்றால் அந்த எண் பட்டியலுக்கே திரும்பிப் போய் 9 அழுத்துங்கள். அது தானாக ரீஸ்டார்ட் ஆவதைத் தடுப்பது. நீலத்திரை அப்படியே நிற்கும். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாட் ஃபெயில்டு’ என்று ஒரு கோப்பின் பெயர் இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய துப்பு.

சரி, இந்தத் துப்பை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடுவீர்கள். அங்கேதான் கண்ணி. ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்வோம்’, ‘ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடு) சுத்தம் செய்வோம்’ என்று வருபவை எதையும் போடாதீர்கள். ஒரு டிரைவரால் வந்த தலைவலிக்கு இன்னும் பத்து டிரைவரா மருந்து? அதைவிட மோசம், திரையில் ஃபோன் நம்பர் காட்டி அழைக்கச் சொல்பவர்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் ஃபோன் நம்பர் வரவே வராது. அழைத்தால், விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, ‘பாருங்கள், எத்தனை சிவப்புப் பிழை’ என்று மிரட்டுவார்கள். நன்றாக ஓடும் கணினியிலும் அந்தச் சிவப்பு இருக்கும். அதில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைக் காட்டிப் பவர் சப்ளை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. கணினி முறையாக மூடப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். அது உங்களுக்கே தெரியுமே!

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சேஃப் மோடிலும் ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸ் எழும் முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குப் போய், எதையும் தொடாமல் அரை மணி நேரம் விடுங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, டாங்கிள் டிரைவரும் இல்லை. அங்கேயும் அணைந்து எழுந்தால் பழுது வன்பொருளில்தான்: பவர் சப்ளை, சூடு, ரேம், கடைசியாக மதர்போர்டு. ஆனால் பயாஸில் தாக்குப்பிடித்ததாலேயே வன்பொருள் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. அங்கே வேலைப்பளு குறைவு; பலவீனமான பவர் சப்ளை அதைச் சமாளித்துவிட்டு விண்டோஸில் மூச்சுவிடத் திணறலாம். டிரைவரை நீக்கிய பிறகும், டாங்கிளைச் செருகும் அந்தக் கணமே கணினி அணைகிறதா? அப்போது வேறு யூஎஸ்பி போர்ட்டில், முடிந்தால் வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள்.

எல்லாம் சரியானதும் பழைய மென்பொருளையே திரும்பப் போடாதீர்கள். டாங்கிளுக்குள் அடைத்து அனுப்புவது பெரும்பாலும் பழைய பதிப்பு. இணைப்பு தருபவர்கள் அதைப் புதுப்பிக்கும் சிரமம் எடுப்பதில்லை. உதவிக்கு அழைத்தாலோ, ‘ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’ என்பார்கள். அதுதான் தானாகவே நடக்கிறதே ஐயா! மென்பொருளே இல்லாமல் டாங்கிளை வெறுமனே செருகிப் பாருங்கள். பலவற்றை விண்டோஸே அடையாளம் கண்டுகொள்ளும். இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விண்டோஸ் 10-க்கான டிரைவரை மட்டும் எடுங்கள்.

இதெல்லாம் கைக்கு வரவில்லையா? நீலத்திரைப் படத்தோடு பழுதுபார்ப்பவரிடம் போய், ‘இந்த டிரைவரை மட்டும் எடுத்துக் கொடுங்கள்’ என்று கேளுங்கள்.