கடனும் கஞ்சாவும் குறுக்கே நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 27. அமெரிக்காவில் பிறந்தவன், மேரிலாந்தில் வசிக்கிறேன். ராணுவத்துக்கு மென்பொருள் எழுதும் நிறுவனமொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி, வந்தால்தான் சேர முடியும். அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்காக இரண்டு கிரெடிட் கார்டுகளில் வாங்கிய 14,000 டாலர் ஒன்றரை ஆண்டாகக் கட்டப்படாமல் நிற்கிறது. கல்லூரியில் கஞ்சா புகைத்திருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு விருந்தில் கஞ்சா மிட்டாய் தின்றேன். "யாருக்குத் தெரியப்போகிறது, எழுதாதே" என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள தம்பி, நண்பர்கள் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். இந்த அனுமதிக்காக நீங்கள் நிரப்பப்போகும் எஸ்.எஃப்-86 படிவம், 120 நாட்களுக்கு மேல் கட்டாமல் விட்ட கடன்களையும், கடந்த ஏழு ஆண்டுகளில் பயன்படுத்திய போதைப்பொருளையும் நேரடியாகவே கேட்கிறது. கடனுக்கும் கஞ்சாவுக்கும் விளக்கம் சொல்ல இடமுண்டு. தெரிந்தே பொய் எழுதினால் அது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய கூட்டாட்சிக் குற்றம். கிளியரன்ஸ் விதிமுறையில் நேர்மை பற்றிய தனித் தலைப்பின் கீழ் உங்கள் விண்ணப்பமும் அங்கேயே அடிபட்டுவிடும்.

கடனை ஏன் இவ்வளவு துருவுகிறார்கள் என்று உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், கடன் நெருக்கியபோது, 1985 ஏப்ரலில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நடந்து சென்று, 50,000 டாலருக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கினார், 1994இல்தான் பிடிபட்டார். அந்த அச்சம் இன்றும் இருக்கிறது. ஆனாலும், 2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிமுறை, கடன் எவ்வளவு என்பதோடு, அது எப்படி வந்தது, வந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் பார்க்கச் சொல்கிறது. தந்தையின் நோய் உங்கள் கைமீறிய காரணம் என்பதை ஏற்பார்கள். அதன்பிறகு ஒன்றரை ஆண்டு நீங்கள் கடன் கொடுத்த நிறுவனங்களிடம் பேசாமலே இருந்திருந்தால், 14,000 டாலரைவிட எனக்குக் கவலை தருவது அந்த மௌனம்தான்.

எனவே இந்த வாரமே இரு கார்டு நிறுவனங்களிடமும் பேசி, உங்களால் தவறாமல் கட்டக்கூடிய ஒரு தவணையை எழுத்தில் வாங்குங்கள். மாதம் 150 டாலர் ஆனாலும் பரவாயில்லை, ஒரு மாதமும் தவறக்கூடாது. மருத்துவமனை ரசீது, ஒப்பந்தக் கடிதம், கட்டிய சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அரசு கேட்டபின் கட்டத் தொடங்குபவருக்கு, கேட்கும் முன்பே கட்டிவருபவருக்குக் கிடைக்கும் மதிப்பு கிடைப்பதில்லை. ஏழு ஆண்டு கழிந்து கடன் தகவலறிக்கையிலிருந்து பாக்கி தானாக மறையும் என்று காத்திருப்பதைக் கடனை அடைத்ததாகக் கருதமாட்டார்கள்.

கஞ்சாவைப் பொறுத்தவரை, மேரிலாந்து 2023 ஜூலை முதல் பெரியவர்களுக்கு அனுமதித்திருப்பது இங்கே உங்களுக்கு உதவாது; மாநிலச் சட்டத்தைப் பொருட்படுத்தாமல், கூட்டாட்சிச் சட்டத்தை வைத்தே படிவம் கேட்கிறது. இப்போதும் பயன்படுத்துபவருக்குக் கிளியரன்ஸ் தரக்கூடாது என்று சட்டமே உண்டு. எனினும், கடந்தகாலப் பயன்பாட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநரகம் தெளிவுபடுத்தியது. கல்லூரிக் காலத்தைவிட எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த மிட்டாய்தான் உங்களுக்குச் சிக்கல். அதையும் தேதியோடு எழுதுங்கள். இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியைப் பறிக்கலாம் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியை இணையுங்கள்; விதிமுறையே அதற்கு இடம் தருகிறது. அதை உங்களுக்குக் கொடுத்த நண்பர்களுடனான விருந்துகளையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அதையும் கேட்பார்கள். இந்தப் பகுதியில் உண்மையாக நீங்கள் எழுதுவதைப் பின்னர் குற்றவழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாக்க மாட்டோம் என்று படிவமே வாக்களிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மறுப்பதற்கான காரணங்களை எழுதி அனுப்பினால் கலங்க வேண்டாம். நிறுவன ஊழியர்களுக்கு, அது கைக்கு வந்த 20 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும், நீதிபதி முன் விசாரணை கேட்கவும் உரிமை உண்டு. அந்தக் கட்டத்தில் இத்துறையில் பழகிய வழக்கறிஞரிடம் உங்கள் கோப்பை எடுத்துச் செல்லுங்கள்.