ப்ளூடூத்தில் பேசினால் பரவாயில்லையா?

கேள்வி: மருந்து நிறுவனம் ஒன்றில் ஏரியா மேனேஜராக இருக்கிறேன். வாரம் ஒருமுறை திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் போக வேண்டும். பத்து மணி மீட்டிங்குக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புவேன். முந்தைய இரவு படுக்கப் பதினொன்றாகிவிடும். போனைக் கையால் தொடமாட்டேன், எல்லாம் ப்ளூடூத்தான். போன மாதம், மதுரையிலிருந்து அதே மீட்டிங்குக்கு வந்துகொண்டிருந்த சக ஊழியரோடு டார்கெட் பற்றிப் பேசியபடி 100-ல் போய்க்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டி, பாதி ரோட்டை அடைத்து நின்ற லாரியைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். எப்படியோ ஒடித்துத் தப்பித்தேன். கண் ரோட்டில்தான் இருந்தது, தூக்கமும் வரவில்லை. பிறகு ஏன் தெரியவில்லை? ப்ளூடூத் சட்டப்படி தப்பில்லையே? மனைவியோ இனி வண்டியில் போனே கூடாது என்கிறார். ஆனால் அவர் கூட வந்தால் வழியெல்லாம் பேசிக்கொண்டுதான் வருகிறார். அது மட்டும் சரியா?
– வாசகர், திருச்சி

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் போனை அபாயகரமான ஓட்டுதலாகச் சேர்த்திருக்கிறது. முதல் முறை 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதில் 'கையில் பிடித்து' என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பலரும் ப்ளூடூத் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போலீஸ் பிடிக்காது என்பதும் விபத்து நடக்காது என்பதும் வேறு வேறு.

அந்த லாரி உங்கள் கண்ணில் பட்டிருக்கும், மனதில் ஏறியிருக்காது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு, சிமுலேட்டரில் (ரோடு போலக் காட்டும் பயிற்சிக் கருவி) ஹேண்ட்ஸ்ஃப்ரீ பேசிக்கொண்டே சிலரை ஓட்டவைத்துப் பார்த்தது. வழியிலிருந்த விளம்பரப் பலகைகளை அவர்கள் நேராகப் பார்த்ததைக் கண்ணசைவுக் கருவி காட்டியது. பிறகு கேட்டபோது பலவற்றை அவர்களால் அடையாளம் காட்ட முடியவில்லை. 2003-ல் வெளியான ஆய்வு இது. டார்கெட் கணக்கு பேசும்போது மனம் எண்களையும் எக்செல் ஷீட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும். இதில் மதுரை நண்பரும் ஓட்டிக்கொண்டேதான் பேசியிருக்கிறார். ஒரு அழைப்பு, இரண்டு கார்.

தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். பதினொன்றுக்குப் படுத்து மூன்றுக்குக் கிளம்பினால் நான்கு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டீர்கள். இரவு இரண்டிலிருந்து காலை ஆறு வரை உடம்பு தூங்கக் கேட்கும் நேரம். பேச்சு அந்தக் களைப்பை மறைத்துவிடும், போக்காது. 'பேசினால் தூக்கம் வராது' என்று போனைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அதில் களைப்பு, கவனச்சிதறல் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

இப்போது தூரக் கணக்கு. 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது கார். ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்கவே நல்ல டிரைவருக்கு ஒன்றரை நொடி ஆகும். அதில் 42 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் முழு பிரேக் பிடித்தும் இன்னும் 55 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மொத்தம் ஏறக்குறைய 100 மீட்டர். லோ பீம் (தாழ்த்திய ஹெட்லைட்) வெளிச்சமோ 50 மீட்டர் சுற்றித்தான் பயன்படும். ஆக, முழுக் கவனத்தோடு இருந்தாலும் அந்த வேகத்தில், லோ பீமில், விளக்கில்லாமல் நிற்கும் லாரிக்கு முன்னால் நிறுத்த முடியாது. பேச்சில் ஒரு நொடி கூடுதலாகப் போனால் இன்னும் 28 மீட்டர். மழை ஈரத்தில் பிரேக் தூரம் மட்டுமே இரட்டிப்புக்குப் பக்கத்தில் வரும்.

60-ல் போனால் இதே கணக்கு 45 மீட்டர். லோ பீமில் ஓட்டும்போது நிற்கக்கூடிய வேகம் அதுதான். நான்கு வழிச்சாலையில் 60-ஆ என்று சிரிப்பு வரும். ஹை பீம் போட முடிகிற இடத்தில் 80 வரை தாங்கும். எதிர்ப்பக்க வண்டி வந்து லோ பீமுக்கு இறக்கும்போது காலையும் ஆக்ஸிலரேட்டரில் இருந்து எடுங்கள்.

நிற்கும் லாரியில் இன்னொரு சிக்கல் உண்டு. பின்பக்கச் சிவப்பைப் பார்த்ததும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றே மனம் எடுத்துக்கொள்ளும். தூரத்தில் உருவம் மெதுவாகத்தான் பெரிதாகும்; கிட்டத்தில் வந்ததும் சட்டென்று ஊதிப் பெருக்கும். அதுதான் உங்கள் 'கடைசி நொடி'. சேறு அப்பிய ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் எரியாத டெயில் லைட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே முன்னால் சிவப்பு தெரிந்தால், அது நகர்கிறது என்று உறுதியாகும்வரை நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வலது லேனில் போனாலும் சென்டர் மீடியன் திறப்புகளில் டூவீலர் குறுக்கே வரும். அங்கேயும் நிறுத்த வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போனுக்கு வழி இது. கிளம்பும் முன் மேப்பைத் தமிழ்க் குரலோடு போட்டுவிடுங்கள். டிரைவிங் மோடை ஆன் செய்து, 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நிறுத்தியதும் அழைக்கிறேன்' என்று தானியங்கிப் பதில் வையுங்கள். ப்ளூடூத் இணைப்பிலேயே அழைப்புக்கான அனுமதியை மட்டும் நீக்கலாம். பாட்டும் மேப் குரலும் வரும், அழைப்பு வராது. போன் ஸ்டாண்டை ஏர்பேக் மூடிமேல் ஒட்டாதீர்கள். அலுவலக அழைப்புகளுக்குப் பெரம்பலூர், உளுந்தூர்ப்பேட்டை, திண்டிவனம் என்று மூன்று நிறுத்தங்கள் போதும். பெட்ரோல் பங்க் அல்லது ஓட்டலின் உள்ளே நிறுத்திப் பேசுங்கள். ரோட்டோரம் ஹஸார்டு விளக்கைப் போட்டு நிறுத்தினால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள்தான் அந்த லாரி. பேசி முடித்ததும் உடனே கியர் போட வேண்டாம். குரல் கட்டளைக் கருவிகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில் வேலை முடிந்து 27 நொடி வரைகூட கவனம் முழுதாகத் திரும்பவில்லை.

களைப்புக்கு ஜன்னலைத் திறப்பது, பாட்டை அலறவிடுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிட ஏமாற்று. கண் எரிந்தால், கடைசி ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லாவிட்டால், லேன் கோட்டை மிதித்தால் பத்திரமான இடம் பார்த்து உடனே நிறுத்துங்கள். ஒரு காபி குடித்து, 20 நிமிட அலாரம் வைத்துச் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஆரம்பிப்பதற்கும் நீங்கள் எழுவதற்கும் சரியாக இருக்கும். ஏ.சி.யை ரீசர்குலேஷனிலேயே விடாமல் அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். அடைந்த காற்று மந்தமாக்கும். இதையெல்லாம்விட நல்லது, முந்தைய நாள் மாலையே ரயிலேறுவது, இல்லையென்றால் மீட்டிங்கைப் பன்னிரண்டு மணிக்குத் தள்ளச் சொல்லி, நன்றாகத் தூங்கி ஐந்தரைக்குக் கிளம்புவது. மேலதிகாரியிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம். கணக்கை அப்படியே காட்டுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டம்மா. அவர் பேசுவதும் போன் பேச்சும் ஒன்றல்ல. முன் சீட்டில் இருப்பவருக்கு ரோடு தெரியும். லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துவார், 'பாத்துங்க' என்பார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது; நீங்கள் பிரேக் பிடிக்கும் நொடியில்தான் 'அப்புறம் ஜூன் கோட்டா என்னாச்சு' என்பார். ஆகவே மனைவியோடு பேசலாம். குடும்பச் சண்டையை மட்டும் வீட்டிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.